ஆஞ்சிலிக் கதவுகள்

"கதவெல்லாம் எங்க?"

கேட்டது பொன்மணி. பதில் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அடுக்களையைப் பார்த்துத்தான் கேட்டாள். காலையில் சுக்குக் கிடங்குக்கு வேலைக்குப் போகும்போது சமையல் மேடைக்குக் கீழே ஆறு மரக்கதவுகள் வரிசையாக இருந்தன. சாயங்காலம் திரும்பி வந்து விளக்கைப் போட்டால் ஆறு பொந்துகள். அரிசி டப்பா, மாவுப் பை, வெங்காயக் கூடை, கவிழ்த்து வைத்த சட்டிகள் எல்லாம் உடுப்பில்லாமல் நிற்பதுபோல வெளியே தெரிந்தன.

கள்ளன் வந்தால் மிக்சியை எடுப்பான், சிலிண்டரை உருட்டிக்கொண்டு போவான். கதவை ஏன் எடுக்கிறான்? குனிந்து பார்த்தாள். கீல்கள் ஒழுங்காகக் கழற்றப்பட்டிருந்தன. திருகாணி ஒன்றுகூடத் தரையில் சிந்தவில்லை. இப்படிக் கழற்றுகிற கை அவளுக்குத் தெரிந்த கைதான்.

போனை எடுத்தாள்.

"ஏங்க, கதவை எல்லாம் நீங்களா கழட்டுனீங்க?"

"ஆமா." பின்னால் மெஷின் அறுக்கும் சத்தம் கேட்டது.

"எதுக்கு?"

"பாலிஷ் இன்னொரு கோட்டு அடிக்கணும்ட்டி. அப்பதான் நிக்கும். பட்டறைக்குக் கொண்டாந்துட்டேன்."

"மழையிலயா?"

"பட்டறைக்குள்ள எங்க மழை பெய்யுது? ரெண்டு நாள்ல கொண்டாந்து மாட்டிருதேன். இன்னைக்கு ராத்திரி வேலை கெடக்கு, வரமாட்டேன். நீ கதவச் சாத்திட்டுப் படு."

"எந்தக் கதவை?"

அதற்குள் சங்கிலிப்பாண்டி போனை வைத்துவிட்டான்.

பொய். அது பொய் என்று தெரிந்துகொள்ள அவளுக்குப் பெரிய யோசனை எதுவும் வேண்டியிருக்கவில்லை. பாலிஷ் போட்டதே அவள்தான்.

சங்கிலிப்பாண்டி தென்காசிப் பக்கத்திலிருந்து மரவேலைக்கு வந்து, கொச்சி மட்டாஞ்சேரியில் பெண் எடுத்து, மாமனார் கார்ப்பரேஷன் வேலை பார்த்துக் கட்டிய வீட்டிலேயே தங்கிவிட்டவன். வைட்டிலாவிலும் காக்கநாட்டிலும் எத்தனையோ பிளாட்டுகளுக்கு அடுக்களை செய்து கொடுத்திருக்கிறான். இழுத்தால் சத்தமில்லாமல் வருகிற டிராயர், மூலையில் சுழலுகிற தட்டு எல்லாம் அவன் கைக்கு அத்துபடி. சொந்த வீட்டு அடுக்களையில் மட்டும் மேடைக்குக் கீழே ஒரு கயிறு. கயிற்றில் பொன்மணியின் மஞ்சள் பூப்போட்ட பழைய வாயில் சேலை. அதுதான் கதவு.

சுற்றிலும் கிடங்குகள். அரிசி, மிளகு, சுக்கு. அவற்றைத் தின்று கொழுத்த எலிகளுக்கு இந்த வீடு சாயா குடிக்கிற இடம் மாதிரி. போகிற வழியில் நுழைந்துவிட்டுப் போகும்.

"ஏங்க, மாவுப் பையை மறுபடி கடிச்சு வச்சிருக்கு."

"பொறி வை."

"பொறி வச்சா நாளைக்கு ஒண்ணு மாட்டும். மத்தது வராதா? ஊருக்கெல்லாம் கப்போர்டு செய்யுறீங்க, நம்ம வீட்டுக்கு ஆறு கதவு செய்யக் கூடாதா?"

"செய்யுதேன்ட்டி. நாளைக்கு மரம் பாத்துட்டு வாரேன். அதுவரைக்கும் என்ன? சேலை கட்டி மறைச்சிருக்குல்லா. அது போதும்."

இந்தப் பேச்சு அவர்கள் மகள் விஜி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது தொடங்கியது. விஜி இப்போது பெங்களூரில் நர்சு வேலை பார்க்கிறாள்.

மரம் கடைசியில் பொன்மணிக்குத்தான் கிடைத்தது. அவள் வேலை பார்க்கும் சுக்குக் கிடங்கில் பழைய மச்சைப் பிரித்தார்கள். பிரித்த பலகைகளை விறகுக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளச் சொன்னார் முதலாளி. மற்றவர்கள் சிறு சிறு துண்டாகப் பொறுக்கினார்கள். பொன்மணி ஒரு பலகையின் அழுக்கை முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். உள்ளே தேன் நிறம். ஆஞ்சிலி மரம். எச்சில் தொட்டுத் தேய்த்தாள். ரேகை ஓடியது.

"அக்கா, அடுப்புல வைக்கப்போற கட்டைக்கு என்ன இத்தனை கொஞ்சல்?" என்று கேட்டாள் கூட வேலை பார்த்த பாக்கியலக்ஷ்மி.

"அடுப்புல இல்லடி. அடுப்புக்குக் கீழ."

ஆணிகளை அவளே பிடுங்கினாள். சங்கிலிப்பாண்டி ஞாயிற்றுக்கிழமைகளில் முனகிக்கொண்டே அறுத்தான், இழைத்தான், சட்டம் கோத்தான். அவன் வேலை சுத்தமான வேலை. அதைக் குறை சொல்ல முடியாது. சண்டை வந்தது ஓட்டையில்தான்.

"ஒவ்வொரு கதவுலயும் கீழே வரிசையா ஓட்டை போட்டுத் தாங்க. உள்பக்கம் கம்பிவலை அடிக்கணும்."

"என்னட்டி, கோழிக்கூடா செய்யச் சொல்லுத?"

"இந்த ஊர் ஈரத்துல எதை மூடி வச்சாலும் பூத்துப்போகும். கிடங்குல நான் தினமும் பாக்குறேன். வெங்காயமும் உருளைக்கிழங்கும் மூச்சு விட வேண்டாமா?"

"எவனும் பாத்தா சிரிப்பான். பாண்டி வீட்டுக் கதவுல கரையான் அரிச்சிருக்குன்னு சொல்லுவான்."

"சிரிக்கிறவன் வீட்டுலயா நான் சமைக்கிறேன்?"

போட்டுக் கொடுத்தான். அதன் பிறகு உப்புத்தாள் தேய்த்தது, மெழுகித் துடைத்தது, துணிப் பந்தால் பாலிஷ் போட்டது எல்லாம் அவள். கிடங்கிலிருந்து வந்து குளிப்பதற்கு முன்னால் ஒரு கதவு என்று கணக்கு வைத்துக்கொண்டு தேய்த்தாள். மழை வந்தால் நிறுத்திவிடுவாள், வெயில் வந்தால் தொடங்குவாள். வெளிப்பக்கம் போட்டதுபோலவே உள்பக்கமும் போட்டாள்.

"உள்ள எதுக்குட்டி? யாரு பாக்கா?"

"ஒரு பக்கம் மட்டும் போட்டா மழைக்காலத்துல பலகை வளையும்னு நீங்கதானே உங்க ஆள்களைத் திட்டுவீங்க?"

"அது கஸ்டமர் வீடு."

இந்த வார்த்தையை அவள் மறக்கவில்லை.

பாலிஷ் போடும்போது ஒரு நாள் வாகாக இருக்கட்டும் என்று கதவு ஒன்றை அவனுடைய ஆயுதப் பெட்டியின்மேல் சாய்த்து வைத்துவிட்டாள். தேக்குப் பெட்டி. தென்காசியில் வேலை கற்றுத் தேறியபோது அவனே தனக்குச் செய்துகொண்டது. இப்போது மெஷின் எல்லாம் பையில் போகிறது. உளியும் இழைப்புளியும் மட்டும் அந்தப் பெட்டிக்குள் உறங்கும். சரஸ்வதி பூஜைக்குச் சந்தனம் வைப்பான்.

"பெட்டி மேல கை வைக்காதன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்!" கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ரேடியோ நின்றது. "அது என் கையில உருவானதுட்டி! கீறல் விழுந்தா உன்னால சரிபண்ணித் தர முடியுமா?"

அவள் கதவை எடுத்துவிட்டாள். கதவு பட்ட இடத்தைக்கூட முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்.

கோடை முடிவதற்குள் ஆறு கதவும் மாட்டியாயிற்று. சேலைத் திரையை அவிழ்த்துத் துவைத்து மடித்து வைத்தாள். மாவுப் பை முழுசாக இருந்தது. எலிகள் ராத்திரி வந்து கம்பிவலையைச் சுரண்டிப் பார்த்துவிட்டுப் போகிற சத்தம் கேட்கும். படுத்தபடியே "போ, போய் வேற கடையைப் பாரு" என்பாள்.

அந்தக் கதவுகள்தான் இப்போது இல்லை.

விடிந்து பார்த்தபோது எலிகள் விருந்து முடித்துப் போயிருந்தன. மாவு மேடைக்குக் கீழே வெள்ளைக் கோலமாகக் கிடந்தது, நடுவே சின்னச் சின்னக் கால் தடங்கள். மகளுக்கு அனுப்ப வெயிலில் காயவைத்து எடுத்த கப்பைக்கிழங்கு வற்றல் பை கிழிந்திருந்தது. அரிசி டப்பாவின் மூடி உருண்டு கிடந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு அரிசியை அப்படியே வாளியில் கொட்டினாள்.

வாளியோடு வாசலுக்கு வந்தவளைப் பார்த்துச் சத்தம் கொடுத்தான் எதிர்வீட்டு வெங்கிட்டு. சாமான் ஏற்றும் ஆட்டோ ஓட்டுகிறவன். சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன பொன்மணியக்கா, பால்காய்ச்சுக்குப் போகலையா?"

"எந்தப் பால்காய்ச்சு?"

"போர்ட் கொச்சியில அண்ணன் வேலை பாக்குற வீடு, ஹோம்ஸ்டே. இன்னைக்குத்தானே பால்காய்ச்சு? அடுத்த வாரம் கர்க்கடகம் பிறக்குதுல்ல, பிறகு ஒரு மாசம் நல்ல நாள் இல்லன்னு பறக்குறாங்க. நம்ம கதவுங்க எல்லாம் நேத்து நான்தானே ஏத்திட்டுப் போனேன்."

பொன்மணி வாளியைக் கீழே வைத்தாள்.

"எங்க ஏத்திட்டுப் போன?"

"அங்கதான். அந்த வீட்டுக்கு." வெங்கிட்டுவின் துணி மெதுவாக நின்றது. "அக்கா, அண்ணன் சொன்னாரு, வீட்டுல சொல்லியாச்சு, சம்மதம்னு."

"அப்படியா சொன்னாரு?"

"எனக்கு எதுவும் தெரியாதுக்கா. நான் வண்டிக்காரன்."

"தெரிய வேண்டாம். வண்டியை எடு."

"அக்கா, எனக்கு பிராட்வேக்கு ஒரு லோடு..."

"போகும்போது சம்மதம் கேட்டியா? வரும்போது எதுக்குக் கேக்குற? எடுடா வண்டியை."

உள்ளே போய் மிக்சி கழற்றுகிற ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

போர்ட் கொச்சி வரை வெங்கிட்டு ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தான். "அக்கா, அண்ணனை ரொம்பப் போட்டுடாதீங்க. அந்த காண்டிராக்டர் அனீஷ் சேட்டன்தான் பிடிச்சு இழுத்தது."

"அவரு என்ன, கயிறு கட்டின ஆடா?"

வெங்கிட்டு வைப்பரைப் போட்டான். மழை வலுத்தது.

அந்த வீட்டு வாசலில் வாழை மரம் கட்டியிருந்தார்கள். செருப்புகள் மழையில் மிதந்துகொண்டிருந்தன. பொன்மணி குடையை மடக்கி, யாரும் வழி சொல்வதற்கு முன் அடுக்களைக்குப் போய் நின்றாள். உறவுக்காரர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். நடுவில் செட்டு முண்டு உடுத்திய அம்மாள், புது அடுப்பில் புது உருளியை வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த அடுப்புக்குக் கீழே, வரிசையாக, ஆறு கதவுகள். தேன் நிறம். ஓட்டை வரிசை.

ஒவ்வொரு கதவும் அவளைப் பார்த்தது போலிருந்தது. மூன்றாவதில் ஒரு கண் இருக்கும், மரத்தின் முடிச்சு. அதைச் சுற்றி எத்தனை சாயங்காலம் விரல் நுனியால் பாலிஷ் தேய்த்தாள். அதன்மேல் இப்போது யாரோ ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள்.

சங்கிலிப்பாண்டி அவளைப் பார்த்தான். பார்த்ததும் பாலைப் பார்த்தான். பிறகு பாலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஆஹா, சேச்சியும் வந்தோ!" காண்டிராக்டர் அனீஷ் முன்னால் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, சிரித்த முகம். "வரூ வரூ. பாண்டீ, தன்டெ ஆளு வந்து!"

"அவரு பேரு சங்கிலிப்பாண்டி. முழுசாக் கூப்பிட்டா வாய் வலிக்குமா?"

அனீஷின் சிரிப்பு அப்படியே நின்றது. செட்டு முண்டு அம்மாள் திரும்பினாள். வீட்டுக்காரி, சுமா.

"மேஸ்திரி வீட்டுக்காரியா? வாங்க வாங்க. உங்க ஹஸ்பண்ட் நல்ல வேலைக்காரர், கேட்டோ. இந்த ஓட்டை டிசைன் எல்லாருக்கும் இஷ்டமாயி. அவரோட ஐடியான்னு அனீஷ் சொன்னாரு."

"அப்படியா சொன்னாரு?" பொன்மணி புருஷனைத்தான் பார்த்தாள். "நீங்களும் ஆமான்னீங்களா?"

சங்கிலிப்பாண்டி தொண்டையைச் செருமினான்.

"சேச்சி," என்றாள் பொன்மணி சுமாவைப் பார்த்து. "அது டிசைன் இல்ல. எங்க வீட்டு வெங்காயம் அழுகாம இருக்க நான் போடச் சொன்ன ஓட்டை. இந்த ஆறு கதவும் எங்க வீட்டு அடுக்களைக் கதவு. நேத்து நான் வேலைக்குப் போன நேரத்துல கழட்டிக் கொண்டாந்திருக்காங்க. எடுத்துட்டுப் போக வந்திருக்கேன்."

யாரோ ஒரு கிழவர் "எந்தா பறயுன்னே?" என்று கேட்டார். இன்னொருவர் அவர் காதில் சொன்னார்.

"அனீஷே?" என்றாள் சுமா.

"சேச்சி, அது ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட். நம்ம கதவுகளுக்கு மழையில ஸ்பிரே அடிச்சதுல வெள்ளை பூத்துப்போச்சு, சேச்சி பாத்தா சங்கடப்படுமேன்னு... ரெண்டு வாரத்துல புதுசு செஞ்சு மாட்டிட்டு, இதைத் திருப்பிக் கொடுத்துரும். பாண்டி, அல்ல, சங்கிலிப்பாண்டிக்கு சம்மதம்."

"எங்கிட்ட புதுசுன்னல்லே சொன்னது?"

"புதுசு மாதிரிதானே இருக்கு?"

பொன்மணி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். கூட்டம் ஒரு அடி பின்னால் போனது. சுமாவின் முகம் வெளிறியது. அவள் கண்கள் அடுப்பின்மேல் இருந்த உருளிக்குப் போய்த் திரும்பின.

"இப்போ வேண்டா, ப்ளீஸ். பால் வச்சாச்சு."

பொன்மணியும் உருளியைப் பார்த்தாள். பாலின் ஓரத்தில் சின்னக் குமிழ்கள் வரத் தொடங்கியிருந்தன. புது வீட்டு அடுக்களையில் முதல் பால். அது பொங்குவதற்கு முன்னால் அடுப்படியில் கை வைத்தால் அந்த வீட்டுக்காரி ஆயுசுக்கும் அதை நினைத்துக்கொண்டிருப்பாள். இதில் சுமா செய்த தப்பு எதுவும் இல்லை.

"பொங்கட்டும்," என்றாள். "பொங்கின பிறகு கழட்டுறேன். இன்னொருத்தி அடுக்களையைக் கெடுக்க நான் வரல. அதுக்கு இங்க வேற ஆள் இருக்கு."

நின்றாள். எல்லோரும் நின்றார்கள். ஒரு வீடு நிறைய ஆட்கள் வாய் பேசாமல் ஒரு உருளிப் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்மணி பொங்கட்டும் என்று பார்த்தாள். சங்கிலிப்பாண்டி பொங்கவே கூடாது என்று பார்த்தான். வெளியே வெங்கிட்டு ஒரு தடவை ஹாரன் அடித்தான், பயந்துபோய் நிறுத்திவிட்டான்.

குமிழ்கள் பெரிதாகவில்லை. இருந்ததும் அடங்கிப்போயிற்று.

"எந்தா இது, பால் சூடாவலையே?" என்றார் கிழவர்.

பொன்மணி அடுப்பைப் பார்த்தாள். தீ நூலாகிக் கிடந்தது. அனீஷ் மேடையோரமாக, ஒன்றும் தெரியாதவனைப் போல விரல்களை நீட்டி வைத்துக்கொண்டு நின்றான்.

"தீயைக் கூட்டு."

"சேச்சி, நான்..."

"நீ குறைச்சதை நீயே கூட்டு. இல்லேன்னா நான் வந்து கூட்டுறேன், அது உன் கையோட சேர்த்துத்தான்."

சுமா அவனைப் பார்த்த பார்வையில் அனீஷ் அடுப்புக் குமிழைத் திருகினான். தீ சீறியது. பால் ஏறியது, நுரைத்தது, உருளியின் விளிம்பைத் தொட்டுக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. யாரோ பழக்கத்தில் குலவை போட்டுவிட்டு நடுவிலேயே நிறுத்திக்கொண்டார்கள். வழிந்த பால் முதல் கதவின் மேல் ஒரு கோடாக இறங்கியது.

பொன்மணி அதைத் தன் முந்தானையால் துடைத்தாள். பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் திருகாணியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தாள்.

"ஏட்டி, எந்திரி. நான் கழட்டுதேன்," சங்கிலிப்பாண்டி குனிந்து அடிக்குரலில் சொன்னான். "அத்தன பேரும் பாக்காங்க."

"நேத்துக் கழட்டும்போது யாரும் பாக்கலைல்ல? அதான் லேசாக் கழண்டிருக்கு."

"அனீஷ்தான்ட்டி எனக்கு வேலை தாரான். அவன் சங்கடத்துல இருக்கும்போது எப்படி முடியாதுங்கிறது?"

"என்கிட்ட மட்டும் எப்படி முடியாதுன்னீங்க? அத்தனை வருஷமா?"

முதல் கதவு கையோடு வந்தது. அவள் அதைத் திருப்பினாள். திருப்பிய கை நின்றது.

கதவின் ஒரு ஓரம் வெளிறியிருந்தது. பாலிஷ் இல்லை. அவள் வைத்த பளபளப்பு அந்த ஓரத்தில் சீவி எடுக்கப்பட்டு, பச்சை மரம் தோலுரித்த மாதிரி தெரிந்தது. விரலால் தடவினாள். இழைப்புளி ஓடிய சூடு இன்னும் அதில் இருப்பது போலிருந்தது.

"இது என்ன?"

"இங்க சட்டம் கொஞ்சம் நெருக்கம். நுழையல. அதான் லேசா..."

"ஆறுலயுமா?"

"அரை விரக்கடைதான்ட்டி. அதுக்கு மேல இல்ல."

பொன்மணி எழுந்து கத்துவாள் என்று அவன் காத்திருந்தான். கூட்டமும் காத்திருந்தது. அவள் கத்தவில்லை. அடுத்த கதவுக்கு நகர்ந்து அடுத்த திருகாணியைத் திருகினாள். குங்குமப் பொட்டு வைத்த மூன்றாவது கதவு வந்தபோது பொட்டை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

சுமா ஒரு தம்ளரில் பாலைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"எனக்கு அறியில்லாயிருந்து," என்றாள் மெல்ல. "சத்தியம்."

"தெரியும். உங்க கதவை வெயில் வரும்போது செய்யச் சொல்லுங்க. அவசரப்படாதீங்க." பாலை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தம்ளரைக் கொடுத்தாள். "ரெண்டு பக்கமும் பாலிஷ் போடச் சொல்லுங்க. உள்ள யாரு பாக்கான்னு கேட்டா, கேக்குறவனை வெளிய அனுப்புங்க."

வண்டியில் ஆறு கதவையும் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். பொன்மணி வெங்கிட்டுவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சங்கிலிப்பாண்டி பின்னால், மழையில், தார்ப்பாய் பறந்துவிடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"அக்கா, அண்ணன் நனையுறாரு," என்றான் வெங்கிட்டு.

"கதவு நனையுதா?"

"கதவு நனையல."

"அப்ப நேரே பாத்து ஓட்டு."

வீட்டில் கதவுகளை மாட்டினார்கள். அவள் பிடிக்க, அவன் திருகினான். ஒவ்வொன்றும் ஒழுங்காகத் தொங்கியது, ஒழுங்காகச் சாத்தியது. ஆனால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு கறுப்புக் கோடு. உள்ளே இருக்கும் இருட்டு அதன் வழியாக எட்டிப் பார்த்தது.

பொன்மணி சுண்டுவிரலை அந்த இடைவெளியில் விட்டாள். விரல் போனது. முழுசாகப் போனது.

"பாத்தீங்களா?"

"தெரியுது."

"எலிக்குட்டி இதுக்குள்ள நடந்து போகும். பெரிய எலி கடிச்சு அகலப்படுத்திக்கிட்டுப் போகும். கடிக்க வாகாப் பாலிஷையும் சீவிக் கொடுத்திருக்கீங்க."

"நாளைக்கு மெல்லிசா ரீப்பர் கட்டை வாங்கியாந்து ஒட்டிருதேன். ஒரு மணி நேர வேலை."

"நாளைக்கா?"

அந்தச் சொல்லை அவள் திருப்பிச் சொன்ன விதத்தில் சங்கிலிப்பாண்டி நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைட்டி. மரக்கடை எல்லாம் பூட்டு. நான் என்ன செய்ய?"

"மரம் வீட்டுலயே இருக்கு."

"எங்க இருக்கு?"

அவள் கையை நீட்டினாள். கூடத்து மூலையில், ஜன்னலுக்குக் கீழே, தேக்குப் பெட்டி. மூடியில் போன வருஷத்துச் சந்தனத்தின் தடம்.

சங்கிலிப்பாண்டிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது.

"என்ன பேசுத நீ?"

"மூடியைக் கழட்டுங்க. கதவு நீளத்துக்குச் சரியா வரும். ஆறு துண்டு போட்டு ஓரத்துல ஒட்டுங்க."

"பைத்தியமா பிடிச்சிருக்கு? அது என் பெட்டிட்டி! என் கையால..."

"இது என் கதவு. என் கையால."

"அது வேற, இது வேற."

"என்ன வேற?" இப்போதுதான் அவள் குரல் எழுந்தது. அன்றைக்குப் பூராவும் அடக்கி வைத்திருந்த குரல். "சொல்லுங்க, என்ன வேற? உங்க பெட்டி மேல ஒரு கதவைச் சாய்ச்சதுக்கு ஊரைக் கூட்டுனீங்க. என் கதவை நான் இல்லாத நேரத்துல கழட்டி, கஸ்டமர் வீட்டுல மாட்டி, நுழையலேன்னு சீவி, அந்த ஓட்டையும் உங்களுதுன்னு ஊருக்குச் சொல்லிட்டு, என்கிட்ட பாலிஷ்னு பொய் சொன்னீங்க. பலகைதானேன்னு நினைச்சீங்க. அதுவும் பலகைதான். சீவுங்க!"

"பொன்மணி..."

"சீவுறது உங்களுக்குப் புதுசா? அரை விரக்கடைதானே, அதுக்கு மேல இல்லையே!"

எதிர்வீட்டில் வெங்கிட்டு வண்டியைத் துடைப்பதை நிறுத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

சங்கிலிப்பாண்டி பெட்டியின் முன்னால் உட்கார்ந்தான். மூடியைத் தடவினான். நிறைய நேரம் தடவினான். அவள் அடுக்களை வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள், நகரவில்லை. எழுந்து போய்விடுவான் என்றுதான் ஒரு கட்டத்தில் நினைத்தாள். போனால் போகட்டும், ரம்பத்தை நானே எடுக்கிறேன் என்று மனதுக்குள் தீர்மானம்கூடச் செய்துவிட்டாள்.

அவன் பெட்டியைத் திறந்தான். உளிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் பரப்பினான். திருகாணிகளைக் கழற்றினான். மூடி தனியாக வந்தது.

"மறுமுனையைப் பிடி," என்றான்.

அவள் பிடித்தாள். மெஷின் எடுக்கவில்லை அவன், கை ரம்பத்தில்தான் அறுத்தான். தேக்கின் வாசம் அடுக்களையை நிறைத்தது. சந்தனத் தடத்தின் நடுவே ரம்பம் இறங்கியபோது மட்டும் ஒரு தடவை நிறுத்தி மூக்கை உறிஞ்சினான். அவள் பிடியைத் தளர்த்தவில்லை.

ஆறு துண்டுகளையும் பசை வைத்து, தலையில்லாத ஆணி அடித்து ஒட்டி முடித்தான். வேலை சுத்தமான வேலை. பொன்மணி சுண்டுவிரலை வைத்துப் பார்த்தாள். நகம்கூட நுழையவில்லை.

தேன் நிறக் கதவுகளின் ஓரத்தில் தேக்கு கருத்த கோடாக நின்றது. ஒன்றில் பாதிச் சந்தனம்.

"ஸ்டெயின் தொட்டு ஒரே கலராக்கித் தாரேன்," என்றான் அவன் தணிந்த குரலில். "தெரியாது."

"வேண்டாம். தெரியட்டும்."

"வாரவன் கேப்பானேட்டி, இது என்ன ஒட்டுன்னு?"

"கேட்டா சொல்லுங்க. உங்க ஐடியான்னு சொல்லுங்க."

துணியில் கிடந்த உளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து மூடியில்லாத பெட்டிக்குள் அடுக்கினான். அடுக்கி முடித்துத் திறந்த பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இதுக்கு மூடி?"

பொன்மணி உள்ளே போனாள். மடித்து வைத்திருந்த மஞ்சள் பூப்போட்ட வாயில் சேலையையும் கயிற்றையும் கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள்.

"சேலை கட்டி மறைச்சாப் போதும்னு நீங்கதானே சொல்லுவீங்க."

"உளிப் பிடியெல்லாம் மரம்ட்டி. எலி கடிக்குமே."

"கடிக்கும்," என்றாள் பொன்மணி. புதிதாக வாங்கிய அரிசியை மேடைக்குக் கீழே வைத்து, கதவைச் சாத்தினாள்.